அம்மான்னு சொல்லு

"அக்கா, கொயம்பு ஊத்து" என்று தட்டை நீட்டியதுதான் தாமதம், ஃப்ளோரன்ஸ் கரண்டியைப் போட்டுவிட்டு மகளின் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"இன்னாடி சொன்ன? திருப்பிச் சொல்லு."

ஏழு வயது ஜெசிந்தா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கொயம்பு ஊத்து" என்றாள். ஒரு மாதமாக அடி வாங்கியும் அந்த வார்த்தை அவளுக்குப் புதுச் செருப்பாகத்தான் கடித்துக்கொண்டிருந்தது.

பிள்ளையைக் குற்றம் சொல்லி என்ன பயன்? தாய் செத்தபோது ஃப்ளோரன்ஸுக்குப் பதினாறு வயது. அவளுக்குக் கீழே வால்டர் தொடங்கி நான்கு உருப்படிகள். அத்தனைக்கும் சோறு வடித்து, சளி சிந்திவிட்டு, ராயபுரம் மாதா கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். தம்பி தங்கைகளுக்கு அவள் அக்கா. குழாயடியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறவளும் "இன்னா அக்கா" என்றுதான் ஆரம்பிப்பாள். அந்த வீட்டில் பிறந்த குழந்தை காதில் விழுந்ததைத்தானே பேசும்? ஜெசிந்தாவும் அக்கா என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், ஒருத்தரும் திருத்தவில்லை. பெற்றவனை அண்ணா என்றும் பெற்றவளை அண்ணி என்றும் கூப்பிடும் வீடுகள் நம்மிடையே தெருவுக்கு நாலு இருக்கும். யார் யாருக்குப் பிறந்தது என்று ஊருக்குத் தெரியும். கூப்பிடுகிற பேரில் என்ன இருக்கிறது?

இங்கிலாந்துக்குப் போக வேண்டுமென்றால் அதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஃப்ளோரன்ஸின் புருஷன் கஸ்பாருக்கு வெல்டிங் வேலை. ஜெசிந்தா வயிற்றில் இருக்கும்போதே பர்மிங்ஹாமுக்குப் போய்விட்டான். "காமன்வெல்த்துன்னா அத்தினி தேசமும் ஒரே ராணியம்மா வூட்டுப் பசங்க மாதிரி. போவ வர ஆரு கேக்கப்போறா?" என்று கிளம்பும்போது அளந்துவிட்டான். ராணியம்மாள் ஓரவஞ்சனைக்காரி என்பது போன பிறகுதான் தெரிந்தது. கறுத்த பிள்ளைகளுக்கென்று சட்டத்தின் மேல் சட்டமாகப் போட்டு வாசலைக் குறுக்கிக்கொண்டே வந்தார்கள். எழுபத்து நாலாம் வருஷம் வாக்கில், அங்கே இருக்கிறவனுடைய பெண்டாட்டியும் பிள்ளையும் போகலாம் என்கிற சந்து ஒன்று மிச்சமிருந்தது. ஆனால் பெண்டாட்டிதான், பிள்ளைதான் என்று வெள்ளைக்காரன் நம்ப வேண்டும். நேரில் கூப்பிட்டுக் குடைவார்கள், குழந்தை அக்கா என்று உளறிவிடப் போகிறது, அடித்தாவது பழக்கு என்று கஸ்பார் எழுதியிருந்தான். மகள் முகத்தை அவன் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தான்.

"வுடு அக்கா. கொயந்தைய ஏன் இந்த சாவடி சாவடிக்கிற?" என்றான் துறைமுகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த வால்டர்.

"நீயும் என்னை அக்கான்னு கூப்டாத. பேர் சொல்லிக் கூப்டு."

அவன் வாயைத் திறந்து பார்த்தான். அக்காளைப் பேர் சொல்ல வரவில்லை. அப்படியே மூடிக்கொண்டு கை கழுவப் போனான்.

விசா ஆபீசில் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரன், பக்கத்தில் டை கட்டிய மொழிபெயர்ப்பாளர் செல்வநாதன். ஃப்ளோரன்ஸிடம் முக்கால் மணி நேரம் கேட்டார்கள். அவள் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் செல்வநாதனின் மூக்கு சுருங்கியது. பிறகு அவளைச் சுவரோரம் உட்காரவைத்து, வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஜெசிந்தாவை மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். மகளின் முதுகும் இரட்டைச் சடையும்தான் ஃப்ளோரன்ஸுக்குத் தெரிந்தன.

"பாப்பா, அங்க உக்காந்திருக்கிறது யாரு?"

"அம்மா."

ஃப்ளோரன்ஸ் மாதாவுக்கு நன்றி சொன்னாள். செல்வநாதன் அதை இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரன் குழந்தையைப் பார்த்துப் புன்னகை செய்தான், நல்ல புன்னகைதான். மெதுவாக ஏதோ கேட்டான்.

"கேட்ட உடனே டக்குன்னு சொல்லிட்டியே. அம்மான்னு சொல்லணும்னு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா, பாப்பா?"

பொய் சொன்னால் நரகம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டு வளர்ந்த பிள்ளை. "ஆமா" என்றாள்.

"யாரு?"

"அக்கா."

"அக்கா எங்க இருக்காங்க?"

ஜெசிந்தா திரும்பி, தாயைக் கைகாட்டினாள்.

"ஐயோ, எங்க வூட்ல அல்லாரும் என்னை அக்கான்னு தான் சார் கூப்டுவாங்க! நான் பெத்த கொயந்த சார்! நீங்களும் தமிழ் பேசறவங்கதானே, உங்களுக்குத் தெரியாதா? கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார்" என்று ஃப்ளோரன்ஸ் எழுந்துவிட்டாள்.

செல்வநாதனுக்குத் தெரியும். அவர் சொந்த அம்மாவையே மன்னி என்று கூப்பிடுகிறவராகக்கூட இருக்கலாம், யார் கண்டது? "என் வேலை சொன்னதைச் சொல்றது. விளக்கம் சொல்றது இல்லை" என்றார். வெள்ளைக்காரனிடம் 'எல்டர் சிஸ்டர்' என்று இரண்டே வார்த்தை சொன்னார். அவருக்கு அதைவிட அதிகமாக ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது சும்மா இல்லை.

ஞானஸ்நானச் சீட்டை நீட்டினாள். இந்த ஊரில் சீட்டு வாங்குவது கஷ்டமா என்று வெள்ளைக்காரன் சாந்தமாகக் கேட்டதாக செல்வநாதன் சொன்னார். முடிவும் அப்போதே வந்தது. ஃப்ளோரன்ஸ் கஸ்பாரின் மனைவி என்பதில் சந்தேகமில்லை, அவள் போகலாம். குழந்தை அவளுடைய தங்கை. தங்கைகளுக்கு இடமில்லை. மேல்முறையீடு செய்யலாம், ஒன்றிரண்டு வருஷமாகும். அவளுடைய அனுமதி ஆறு மாதம்தான் செல்லும்.

முத்திரை குத்திய பாஸ்போர்ட்டை நீட்டினார்கள். மூஞ்சியில் விட்டெறிந்திருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. அப்போது கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது.

"சரியா சொன்னேனா?" என்று படியிறங்கும்போது ஜெசிந்தா கேட்டாள். பதில் வராததால், "அக்கா" என்றாள். உடனே கன்னத்தைப் பொத்திக்கொண்டு "அம்மா" என்றாள். ஃப்ளோரன்ஸ் எதற்கும் திரும்பவில்லை.

பாரிமுனையில் ஏறின பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரம்மாள் குழந்தை நசுங்குவதைப் பார்த்து, இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஃப்ளோரன்ஸ் நாலு பேருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள்.

"ஆரு கூட வந்த, கண்ணு?"

ஜெசிந்தா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மா கூடவா? அக்கா கூடவா?"

"தெரியாது."

"அட இன்னாடா இது! யப்பா கண்டக்டரு, இந்தக் கொயந்த ஆரோடதுன்னு கேளு. ஆரோ ஏத்தி வுட்டுட்டுப் பூட்டாங்க போலக்கீது!"

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் ஓரமாக நின்றது. "கொயந்த ஆருதும்மா? சீக்கிரம் சொல்லுங்க!" என்று கத்தினார். ஃப்ளோரன்ஸ் வாயைத் திறந்தாள். நான் பெத்த கொயந்த என்று ஆபீசில் கத்தியதே மறுபடி வந்து நாக்கு நுனியோடு நின்றுவிட்டது. மீன்காரம்மாளின் மடியில் ஜெசிந்தா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, நின்றிருந்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.