மேற்கு என்று எழுதியவன்

முத்துக்கண்ணனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. காரணம் காற்று. சிரிக்காதீர்கள். காற்றுக்குப் பயந்து தட்டைத் தள்ளி வைத்த மனுஷன் போடி வட்டாரத்திலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

நாலு மாதமாகக் கொடியில் போட்ட சேலை கிழக்கே, ஆலைப் பக்கம் பறந்துகொண்டிருந்தது. ஐப்பசி பிறந்த நாலாம் நாள் அதே சேலை வீட்டுச் சுவரில் வந்து அடித்தது. காற்று திரும்பிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் பூசை போட்டு, ஈயம் உருக்கும் உலையைப் பற்ற வைக்கப் போகிறார்கள். ஆலைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மைல்கூட இல்லை. ஊருக்கு முதுகுப் பக்கம் மலை. வருகிற புகை மலையில் முட்டி இங்கேயேதான் படுத்துக்கிடக்கும்.

ஊர் என்றால் பழைய ஊர் இல்லை. தேவாரம் போகிற சாலையிலிருந்து பிரிந்து போனால் வரும் பொட்டல்காட்டில், கம்பெனிக்காரர்கள் காகிதத்தில் கோடு போட்டு எழுப்பியது. ஏ வரிசை, பி வரிசை என்று நாற்பது வீடு. விளக்குக் கம்பம் வந்துவிட்டது, தெருவுக்குப் பெயர் வரவில்லை. பள்ளிக்கூடம் இருந்தது, வாத்தியார் இல்லை. கோயிலுக்குச் சுண்ணாம்பில் கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள், எந்தச் சாமி என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. குடிவந்த சனத்தில் பாதிப் பேர் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து லயங்களிலிருந்து, கூலிக்காரர்களுக்குக் கட்டிய ஒற்றை அறை வரிசை வீடுகளிலிருந்து, இறங்கியவர்கள். குழாயைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் என்பதை அவர்கள் இன்னும் நம்பி முடிக்கவில்லை.

அந்தத் தண்ணீரைத் திறந்து விடுகிற வேலைதான் முத்துக்கண்ணனுக்கு. வேலையும் வீடும் அவனுக்குக் கிடைத்தது ஒரு நோட்டால்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் பொட்டலில் கம்பம் நட்டு, உச்சியில் துணிப்பை ஒன்றைக் கட்டினார்கள். பை எந்தப் பக்கம் ஊதி நிற்கிறது என்று பார்த்து, காற்று எங்கிருந்து வருகிறதென்று தினம் மூன்று வேளை எழுத வேண்டும், ஒரு வருஷத்துக்கு. ஆனியிலிருந்து புரட்டாசி வரை ஒழுங்காகத்தான் எழுதினான். பூராவும் மேற்குக் காற்று. ஐப்பசியில் மலைமேல் ஏலக்காய் எடுப்பு உச்சத்துக்கு வந்தது, ஆள் தட்டுப்பாடு, கூலி ஏறிப்போனது. நோட்டைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டான் பாவி. மாசிவரை மலையில் இருந்தான். இறங்கி வந்தவன் ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து, விட்டுப்போன நாலரை மாதத்துக்கும் மேற்கு, மேற்கு, மேற்கு என்று எழுதினான். மிச்ச மாதத்தையும் அப்படியே நிரப்பி, வருஷம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். ஐப்பசியில் காற்று மாறும் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். அந்த நோட்டுக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் தெரியாது.

அஸ்திவாரம் தோண்டியபோதுதான் தெரிந்தது. மேற்குக் காற்று புகையைக் கிழக்கே கொண்டுபோய்விடும், அதனால் ஊர் மேற்கே. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். படித்தவர்கள் ஒருத்தன் நோட்டை மட்டும் நம்பியா ஊரைக் கட்டுவார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான்.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மகள் ரோஜாவுக்கு அஞ்சு வயது. லயத்து ஈரத்தில் பிறந்ததிலிருந்தே இளைப்பு. மழைக்காலத்தில் அவள் மூச்சு விடுகிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இங்கே வந்த ஆறு மாதத்தில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. பெண்டாட்டி தமிழ்செல்வி அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

புதன்கிழமை, உலைச் செங்கல் காய்வதற்கு வெறும் விறகைப் போட்டு எரித்தார்கள். அரை மணி நேரத்தில் அந்தப் புகை ஏ வரிசைக்குள் வந்துவிட்டது. விறகுப் புகைதானே என்று எல்லாரும் முகத்துக்கு முன்னால் கையை வீசிக்கொண்டு சோலியைப் பார்த்தார்கள். ரோஜா ரெண்டு தடவை இருமினாள். முத்துக்கண்ணன் போட்ட சட்டையோடு ஆலைக்கு ஓடினான்.

மேலாளர் காசிராஜன் நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார். இவன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான்.

"அது பொய்க்கணக்கு சார். கெழக்கயிருந்து வர்ற கீகாத்து தை முடிய அடிக்கும். புகை பூராம் ஊருக்குள்ளதான் வரும். பத்த வைக்காதீங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

காசிராஜன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ஏம்பா, வருஷம் பூரா ஒரே பக்கம் காத்தடிக்கும்னு நீ எழுதிக் குடுத்தா, அதை நம்ப நாங்க என்ன பச்சப்புள்ளையா? வாங்கின அன்னைக்கே தெரியும்."

"தெரியுமா?"

"வேற பக்கம் நெலம் வெல படியல. இந்தப் பக்கந்தான் கெடைச்சது. ஒன் நோட்டு வசதியா வந்து சேந்துச்சு. நாலு மாசம் சன்னலைச் சாத்தி வச்சுக்கச் சொல்லு." குரலைத் தணித்துக்கொண்டார். "வெளிய பேசாத. பேசினா மொதக் கேள்வி, கையெழுத்து யாரோடதுங்கிறதுதான்."

"ஒங்க வீட்டு ஆளுக சார்?"

"மதுரையில இருக்காங்க."

எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. அடுப்படி வாசலில் நின்று, ஒரு சொல் மறைக்காமல் பெண்டாட்டியிடம் சொன்னான். தமிழ்செல்வி அழுவாள், அடிப்பாள் என்று பயந்தான். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எப்பத் தெரியும்?"

"அஸ்திவாரம் தோண்டும்போதே."

அவள் அடுப்பை அணைத்தாள். பைக்குள் ரோஜாவின் துணிகளை வைத்தாள், தன்னுடையதில் ரெண்டை வைத்தாள், பையை மூடிவிட்டாள். அவன் சட்டையை எடுக்கப் போனதும் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"நீங்க எங்க கெளம்புறீங்க? நானும் புள்ளயும் லயத்துக்குப் போறோம். அங்க ஈரம், இங்க விஷம். ஈரத்தோட மல்லுக்கட்டி எனக்குப் பழக்கம்."

"என்னைய விட்டுட்டுப் போனா நான் என்ன செய்வேன், தமிழு?"

"முப்பத்தொம்பது வீடு இருக்குல்ல. ஒவ்வொரு வீட்டுலயும் புள்ளைக இருக்கு. போய்ச் சொல்லுங்க."

"கொன்னே போடுவாய்ங்க."

"சொல்லிட்டு மேல வாங்க. சொல்லாம வராதீங்க."

ரெண்டு மணி ஜீப்பில் அவர்கள் ஏறினார்கள். ரோஜா டாட்டா காட்டினாள். அவன் கை எழும்பவில்லை.

திரும்பி வந்து பக்கத்து வீட்டு வாசலில் நின்றான். ஓடிப்போய்விடலாமா என்று சாலையைப் பார்த்தான். பிறகு கதவைத் தட்டினான்.

மாயக்காள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். "வாங்கண்ணே. தண்ணி இன்னிக்கி வெரசாவே வந்துருச்சு, ஒங்க புண்ணியம். இருங்க, காப்பித்தண்ணி கொண்டாறேன்."

"காப்பி வேணாந் தாயி," என்றான். "இந்த ஊர் இந்தப் பக்கம் இருக்கே, அதுக்கு நான்தான் காரணம்."