ஏழாம் நம்பர் ஷெட்

"அக்கா, ஆறாம் நம்பர் எது? ஏழாம் நம்பர் எது?"

கோழிக்குஞ்சு லாரியின் புது டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டபோது நான் என் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். என் கோழி ஷெட் ஆறாம் நம்பர். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது ஏழு, என் ஓரகத்தி இளையவளுடையது. நம்பர் பலகைகள் போன மாதக் காற்றில் விழுந்தவை, இன்னும் யாரும் எடுத்து மாட்டவில்லை. நான் கையை நீட்டி அவள் ஷெட்டைக் காட்டினேன்.

"அதுதான் ஆறு. இது ஏழு."

வாய் தவறி வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பழைய டிரைவர் இடுப்பு வலியால் படுத்துவிட்டார் என்ற செய்தி காலையிலேயே வந்துவிட்டது. இளையவள் தன் பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். போகும்போது வேலிக்கு மேலே எட்டி, "அக்கா, லாரி வந்தா எனக்கும் சேர்த்து நீங்களே கையெழுத்துப் போட்டு இறக்கிடுங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். பல் துலக்கிக்கொண்டிருந்த நான் தலையை ஆட்டினேன். அப்போதே எண்ணம் முளைத்துவிட்டது.

ஆளுக்கு நாலாயிரம் குஞ்சு, நாற்பது பெட்டி. இரண்டு ஷெட்டும் ஒரே அளவு. மாமனார் நிலத்தைப் பாகம் பிரித்த வருடம் ஒரே கொத்தனார் கட்டியவை. சுவர் ஒன்று, கூரை ஒன்று, காற்று ஒன்று. குஞ்சு தந்து, வளர்ந்ததும் எடுத்துக்கொள்கிற கம்பெனி தருகிற தீவனமும் ஒன்று. ஆனால் எட்டு பேட்ச்சாக முதல் இடம் அவளுக்கு. நான் நாலு, ஐந்து, ஒருமுறை ஆறு.

இடம் என்றால் பரீட்சையில் போடுவார்களே, அதே மாதிரிதான். எங்கள் லாரித் தடத்தில் எட்டுப் பண்ணை. எத்தனை கிலோ தீவனத்துக்கு எத்தனை கிலோ கோழி வளர்த்தோம் என்று பார்த்து, சூப்பர்வைசர் எட்டு பேரையும் வரிசைப்படுத்திச் செல்போன் குழுவில் போடுவார். நான் நன்றாக வளர்த்தால் போதாது, பக்கத்துக்காரியைவிட நன்றாக வளர்க்க வேண்டும். அவள் சறுக்கினால் நான் ஏறுவேன். குடும்பத்துக்குள் சண்டை மூட்ட இதைவிட நல்ல வழி எந்த மாமியாருக்கும் தோன்றியிருக்காது.

முன்பு கம்பெனி மூன்று இருந்தது. ஒருவன் குஞ்சைக் குறைத்தால் அடுத்தவனிடம் போவோம் என்று மிரட்டலாம். பெரிய கம்பெனிக்காரன் மற்ற இரண்டையும் வாங்கினான். ஒரே வாரத்தில் மூன்று ஆபீசிலும் ஒரே நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். என் வீட்டுக்காரர் மூட்டை தூக்கும் தீவன ஆலைக்கும் அதே நிறம்தான். மாப்பிள்ளை செத்தாலென்ன, மணப்பெண் செத்தாலென்ன, மாலைப்பணம் வந்தால் சரி என்று இருக்கிற கம்பெனி அது. விட்டுவிடலாம் என்றாலும், இந்த ஷெட்டில் கோழியைத் தவிர வேறு எதை வைப்பது?

போன பேட்ச் முடிந்ததும் சூப்பர்வைசர் எட்டு வீட்டாரையும் கூட்டிவைத்துப் பேசினார். "வெளியிலேருந்து வர்ற கோழிக்கு வரியக் குறைச்சிட்டாங்க. உறைய வச்ச கோழிக்கால் கப்பல் கப்பலா வந்து இறங்குது. கடைக்காரங்க அதைத்தான் வாங்குறாங்க. எட்டு ஷெட்டுக்கு இனிமே குஞ்சு தர முடியாது. அடுத்த பட்டியல்ல முதல் நாலு பேர் மட்டும்."

"மீதி நாலு பேரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"என் கையில என்ன இருக்கு?" என்றார் அவர். உண்மையிலேயே அவர் கையில் ஒரு பேனா மட்டும்தான் இருந்தது.

எனக்குப் பொறாமைதான். அதற்கு நாகரிகமான பெயர் வைக்க எனக்குத் தெரியாது. கம்பெனி காலண்டரில் ஒரு மாதத்துக்கு அவள் படத்தைப் போட்டார்கள், கையில் கோழியோடு பல் தெரியச் சிரிக்கிற படம். அதே காலண்டரை எனக்கும் கொடுத்தார்கள். அவள் மாதம் பிறந்து பத்தாம் நாளே தாளைக் கிழித்துவிட்டேன். வீட்டுக்காரர் இருபது நாள் தேதி தெரியாமல் திண்டாடினார். அவள் ஷெட்டுக்கு நல்ல குஞ்சு வருகிறது, அதனால்தான் ஜெயிக்கிறாள் என்று நானே முடிவு கட்டிவைத்திருந்தேன். வயசான தாய்க்கோழியின் முட்டையில் பொரித்தது கனமாக இருக்கும், இளங்கோழியின் குஞ்சு நோஞ்சானாக இருக்கும், இது ஊருக்கே தெரியும். அவளுக்குக் கனமானது, எனக்கு நோஞ்சான். சூப்பர்வைசர் அவள் வீட்டில்தான் டீ குடிப்பார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அவள் நாளுக்கு ஐந்து தடவை ஷெட்டுக்குள் போய், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கோழிகள் கத்துவதைக் கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள். வேலியோரம் நின்று அதை நான் பார்ப்பேன். அந்த நேரத்தில் என் ஷெட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகி, தரையில் பரப்பிய மரத்தூள் நனைந்துகொண்டிருக்கும்.

டிரைவர் பெட்டிகளை இறக்கினான். ஏழாம் நம்பருக்கு எழுதிய நாற்பதும் என் ஷெட்டுக்குள் வந்தன, எனக்கு எழுதிய நாற்பதும் அவள் ஷெட்டுக்குள் போயின. இரண்டு சீட்டிலும் நானே கையெழுத்துப் போட்டேன். அவன் போனதும் ஒரு குஞ்சை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் கனமே இல்லை. சரி, மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று சொல்லிக்கொண்டேன். இவையே இவ்வளவு என்றால் அந்தப் பக்கம் போனவை எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைத்தபோது ஒரு சந்தோஷம் வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சந்தோஷம் அது.

மதியம் வந்த இளையவள் தன் ஷெட்டுக்குள் போய்விட்டு வெளியே வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. வேலியருகில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. உங்க குஞ்சு எப்படி இருக்கு?"

"தங்கமா இருக்கு" என்றேன்.

அவள் தன் ஷெட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். வயிறு எரிகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். எரியட்டும், எனக்கு எத்தனை வருடம் எரிந்தது.

ஐந்து வாரம் நான் உழைத்த உழைப்பைச் சொன்னால் என் வீட்டுக்காரரே நம்பமாட்டார், அவர் கண்ணால் பார்த்திருந்தும். நானும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். கோழிகள் கத்தின. அவை என்ன சொல்கின்றன என்று எனக்குப் புரியவில்லை. முதல் வாரத்திலேயே நூறு செத்தது. மூன்றாம் வாரம் எடை போட்டபோது முள் ஏறவே மாட்டேன் என்றது. வேலிக்கு அந்தப் பக்கம் பார்ப்பதை மட்டும் நிறுத்தியிருந்தேன், அவள் குஞ்சுகளும் இப்படித்தான் இருக்கும் என்ற தைரியத்தில்.

பட்டியல் காலையில் வந்தது. முதல் இடம் ஏழாம் நம்பர். ஆறாம் நம்பரைத் தேடிக் கீழே போனேன், கடைசி வரியில் இருந்தது.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் இளையவள் வந்தாள். அழுதிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, அவள் அழுவதைப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது. ஜெயித்தவளுக்கு என்ன அழுகை?

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க."

"நீ என்ன பண்ண?"

"நல்ல குஞ்சு மாத்தி மாத்திதான் போடுவாங்க. உங்களுக்கு ஒரு தடவை, எனக்கு ஒரு தடவை. இந்த தடவை என் முறை. அதை அக்காவுக்குப் போடுங்க, நான் எப்படியும் சமாளிச்சுக்குவேன்னு சூப்பர்வைசர் கால்ல விழாத குறையா கேட்டேன். சரின்னு தலையாட்டினாரு. அன்னைக்கு வந்து என் குஞ்சைத் தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு, அந்த ஆளு மாத்தலை. நல்லதை எனக்கே போட்டுட்டாரு."

நான் அடுப்பைப் பார்த்தேன். அவர் மாற்றித்தான் போட்டிருந்தார், அதைத் திருப்பி மாற்றியவள் நான்.

"அன்னைக்கே உங்ககிட்ட சொல்ல வந்தேன். நீங்க தங்கமா இருக்குன்னு சொன்னீங்க. உங்க மனசை ஏன் நோகடிக்கணும்னு விட்டுட்டேன். அவரைப் போய்க் கேக்கவும் பயம். இருக்கிறது ஒரே கம்பெனி, கோவிச்சுக்கிட்டா நாம எங்க போறது?"

அவள் என் கையைப் பிடித்தாள். தீவனத் தூசி படிந்த, என் கையைப் போலவே காய்த்த கை. அந்த நிமிடம் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரத்தான் செய்தது, ஆனால் கடைசியில். அதற்கு முன்னால் வந்தது பழைய பொறாமைதான், பழையதைவிடப் பெரிதாக. கோழி வளர்ப்பதில் முதல் இடம், காலண்டரில் ஒரு மாதம், கடைசியில் நல்ல மனசும் அவளுக்கேவா? எனக்கென்று ஒன்றையும் மிச்சம் வைக்கமாட்டாளா? "விடு, என் தலையெழுத்து" என்றேன். அந்தத் தலையெழுத்தை என் கையாலேயே எழுதியதைச் சொல்லவில்லை.

என் ஷெட்டைக் கழுவி விட்டேன், அடுத்து எதற்கு என்று தெரியாமலே. தண்ணீர்க் குழாய்களைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். வீட்டுக்காரர் ஆலையில் எனக்கு மூட்டை தைக்கும் வேலை கேட்டிருந்தார். அதுவும் அதே கம்பெனிதான்.

பட்டியல் வந்த பதினாறாம் நாள் இளையவளுக்கு அடுத்த பேட்ச் வந்தது. அவள் தன் கேட்டைத் திறந்து வைத்து, குழாய் பிடித்து வாசலுக்கு மருந்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் சும்மாதான் என் கேட்டில் நின்றேன். லாரி திரும்பியது. அதே புது டிரைவர். அவள் வாசலைத் தாண்டி வந்து, எனக்கு நேரே நிறுத்தி, பின்பக்கமாக என் கேட்டை நோக்கி ஓட்ட ஆரம்பித்தான்.

"அண்ணே, அங்க இல்ல, இங்க!" இளையவள் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். "இதுதான் ஏழு."

அவன் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினான். "இல்லியேம்மா. இதுதான் ஏழு. போன தடவை இந்த அக்காதான் கையைக் காட்டிச் சொன்னாங்க. ஏழாம் நம்பர் நாப்பது பெட்டியும் இங்கதானே இறக்கினேன்?"

லாரிக்குள் நாலாயிரம் குஞ்சுகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. இளையவளின் சிரிப்பு உடனே போகவில்லை, உதட்டில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அவள் கைக்குழாயிலிருந்து மருந்துத் தண்ணீர் அவள் கால்மேலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை. டிரைவர் என்னைப் பார்த்து, "என்னக்கா, திறங்க" என்றான். என் கை கேட்டின் தாழ்ப்பாள் மேல் இருந்தது.