தாய்மாரும் கும்பலும்

ஒரே முதலாளிக்குத் தமிழில் ஒரு பத்திரிகை, ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகை. இரண்டுக்கும் செய்தி எழுதுகிற புண்ணியவான் ஒருவரே. தண்ணீர் கேட்டுப் பெண்கள் சாலையை மறித்தால், தமிழில் 'தாய்மார்கள் கொதித்தெழுந்தனர்' என்பார். கார்க்காரர்கள் படிக்கும் ஆங்கிலத்தில் 'கும்பல் அட்டகாசம்' என்பார். பத்து வருடப் பழக்கத்தில் கை தானாக ஓடும். செய்தியோடு வரும் படத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

அன்று வீடு திரும்பினால் அடுப்பு அணைந்து கிடந்தது. மேஜையில் இரண்டு பத்திரிகைகளும் விரிந்திருந்தன. இரண்டிலும் ஒரே படம். நடுச்சாலையில் குடத்தோடு அவர் மனைவி. ஆங்கிலத்தை மகள் ஒரு வார்த்தை விடாமல் படித்துச் சொல்லியிருந்தாள்.

"சாப்பாடு?" என்றார் மெதுவாக.

"தாய்மாரா இருந்தா சமைச்சிருப்பாங்க," என்றாள் மனைவி. "கும்பல் எங்கயாவது சமைக்குமா?"