முந்தைய கட்டளையில் மாற்றாத ஒரு சொல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்று காலை பரிசோதனைக் கூடத்திலிருந்து என் செல்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. "உங்கள் முடிவு சீராக உள்ளது. இனி அடுத்த ஆண்டு வந்தால் போதும்." கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி மாதிரி எடுத்துப் போய் எட்டு நாளாகிறது. எட்டு நாளும் சாப்பாடு இறங்கவில்லை. செய்தியை மனைவியிடம் காட்டினேன். அழுதாள். நானும்தான். (கதையில் அதை வெட்டிவிடுவேன்.)

பத்து நிமிடத்தில் அதே கூடத்திலிருந்து அழைப்பு. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. எடுக்கவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன். பயந்தவனுக்கு ஏதாவது வேலை வேண்டுமே.

2

முதல் வரைவு: "அவள் ஒரு அலட்சியக்காரி, அவளால் ஒன்பது குடும்பங்கள்..." [வேண்டாம். கோபத்தில் எழுதியது.]

இரண்டாவது: "சன்னலோரத்தில் மூன்று கணினிகள்..." [யாருக்கு வேண்டும் சன்னல்?]

மூன்றாவது: பரிசோதனைக் கூட அலுவலகத்தில் அவளைப் புயல் என்பார்கள். விசைப்பலகையில் அத்தனை வேகம். பெட்டியும் பொத்தானும் இல்லாத கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டித்தான் அவள் செய்தி அனுப்புவாள்.*

அனுப்பு சீர்-செய்தி சீர்-பட்டியல்

நாற்பத்தொரு பேருக்குப் போனது. அடுத்து, உடனே வர வேண்டியவர்கள். மேலம்புக்குறியைத் தட்டினாள். பழைய கட்டளை வந்து நின்றது. மாற்ற வேண்டியது இரண்டு சொல். திரையில் மினுக்கும் சுட்டி எப்போதும் வரியின் கடைசியில்தான் வந்து நிற்கும். கடைசிச் சொல்லை மாற்றிய கை, அதே வேகத்தில் என்டரையும் தட்டிவிட்டது.

அனுப்பு சீர்-செய்தி உடனே-பட்டியல்

"9 பேருக்கு அனுப்பப்பட்டது" என்றது திரை.

* இது அண்ணன் மகள் சொன்னது. அவளுக்கும் இப்படி ஓர் அலுவலகத்தில்தான் வேலை. "முழுசா யாரு அடிப்பா சித்தப்பா? பழசக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தைய மாத்தி விட்டுடுவோம். ஒண்ண மாத்த மறந்தோம்னா போச்சு." போன மாதம் சிரித்துக்கொண்டே கேட்டேன். இன்று இரண்டாவது அழைப்பு வந்தபோது நினைவுக்கு வந்தது அதுதான்.

3

புயல் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் குழந்தை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். அந்த வரியை வெட்டிவிட்டேன். தவறுக்குக் காரணம் வேண்டுமா என்ன? நாம் எல்லோரும் நேற்றைய நாளைத்தான் கூப்பிட்டு ஒன்றிரண்டு சொல்லை மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பாவம், அவளுடையது திரையில் தெரிந்துவிட்டது.

"என்னாச்சு புயலு? முகமே சரியில்ல," என்றார் ரத்தம் எடுக்கிறவர்.

"ஒம்போது பேருக்கு நல்லாருக்குன்னு அனுப்பிட்டேன் அண்ணா. நல்லால்லாதவங்களுக்கு."

"சரி பண்ணித் திரும்ப ஓட்டிடு. ஒரு நிமிஷ வேலை."

அவள் விரல் மேலம்புக்குறிவரை போய் நின்றது.

"இல்லண்ணா. இப்பத்தான் சந்தோஷப்பட்டிருப்பாங்க. அத இன்னொரு மெசேஜ்ல பிடுங்க முடியாது. நானே பேசுறேன்."

ஒவ்வொருவராக அழைத்தாள். ஒருவர் வாயில் வந்தபடி திட்டினார், கேட்டுக்கொண்டாள். ஒரு பெண்மணி, "எனக்கு முன்னாடியே தெரியும்மா, நீ அழாத," என்று இவளைத் தேற்றினார். எட்டுப் பேர் எடுத்தார்கள்.

ஒன்பதாவது ஆள் எடுக்கவில்லை. ஏனென்றால் அவர்

[இந்த வரி இப்படியே இருக்கட்டும்.]

4

முடிவு அ: எல்லாம் வீண் பயம். "எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்கத்தான் அழைத்தார்கள்.

முடிவு ஆ: அவர் எடுக்கிறார். "நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க," என்கிறார் மருத்துவர்.

முடிவு இ: எடுக்கவில்லை. சொன்னபடியே அடுத்த ஆண்டு போகிறார்.

முதல் முடிவை நான்கு முறை திருத்தி எழுதினேன். ஐந்தாவது முறை மனைவி வந்து நின்றாள்.

"ஏங்க, ஆறாவது தடவையா அடிக்குது."

"கதை முடியட்டும்."

"அதான் சீரா இருக்குன்னு வந்துடுச்சே. அப்புறம் எதுக்குப் பயப்படுறீங்க?"

எங்கோ ஓர் அறையில் ஒருத்தி காதில் செல்பேசியோடு உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அவளை நான்தான் உருவாக்கினேன். எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக எடுக்க வேண்டும் என்று தோன்றியது.

ஏழாவது முறை அடித்தது. எடுத்தேன்.

"சார்? அப்பாடா, எடுத்துட்டீங்களா!" ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியது. "சார், முதல்ல என்னை மன்னிச்சிடுங்க..."

மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு சொல்லை மாற்றியும் கொள்ளுங்கள். என்டர் தட்டும் முன் வரியை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். எனக்கு நேரமில்லை. மனைவி செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.