வாத்து சோப்பம்மா வீடு

கூடத்திலிருந்த சோப்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் கணவர். மனைவியின் உடலைக் கிடத்த இடம் வேண்டியிருந்தது. "நான் பாத்துக்கிறேன், நீங்க உக்காருங்கப்பா" என்று மகன் அவர் கையிலிருந்து பிடுங்கியும் கேட்கவில்லை. உட்கார்ந்தால் உடைந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும்.

உடலைக் கிடத்தி முடித்தபோது வக்கீல் அம்மாள் வந்தாள். கும்பிட்டுவிட்டு, வாசலுக்கு வந்து தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஆனா அம்மா போட்ட அப்பீல யாராவது அவங்க இடத்துல வந்து நடத்தணும். இல்லேன்னா அப்படியே முடிஞ்சுபோயிடும்."

"வேணாம் மேடம்" என்றான் மகன். "அவங்களே போயிட்டாங்க. இனிமே அந்த வாத்து எதுக்கு?"

அந்த வாத்தை அவர் மனைவி தன் கையாலேயே வரைந்திருந்தாள். சமையலறையில் சோப்பு காய்ச்சத் தொடங்கிய நாளிலிருந்து உறையில் அதுதான். அதை அவளுடைய வணிகக்குறியாகப் பதிவு செய்ய அலுவலகம் மறுத்துவிட்டது. வாத்துப் படம் எல்லோருக்கும் பொது, அதைப் பார்த்து இன்னார் சோப்பு என்று சனங்கள் அடையாளம் காண்பதாக ஆதாரமில்லை என்று உத்தரவு. அந்தத் தைரியத்தில் பெரிய கம்பெனி ஒன்றும் வாத்துப் படம் போட்டு விற்க ஆரம்பித்தது. அந்த உத்தரவை எதிர்த்து அவள் கோர்ட்டுக்குப் போனாள். "ஒரு வாத்துக்காக ஏன் உயிரை விடுற?" என்று கணவர் கிண்டல் செய்ததுண்டு. இப்போது அந்த வாயைக் கழுவிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஐயா, வாத்து சோப்பம்மா வீடு இதானே?"

ஒர்க் ஷாப் சட்டையோடு ஒருவர் வாசலில் நின்றார். வக்கீல் திரும்பினாள்.

"அவங்க பேரு தெரியுமா உங்களுக்கு?"

"பேரெல்லாம் தெரியாதுங்க. பஸ்ஸ விட்டு இறங்கி இப்படித்தான் கேட்டேன். கடைல கை காட்டுனாங்க. எங்க ஒர்க் ஷாப்ல கிரீஸ் போக இவங்க சோப்புதான். அன்னைக்கு ஒருத்தன் வேற வாத்து போட்டத வாங்கிட்டு வந்துட்டான். பாத்ததுமே திருப்பிக் குடுத்துட்டு வான்னுட்டேன்."

"பாத்ததும் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் துக்க வீடாயிற்றே என்று குரலைத் தாழ்த்தினார். "நம்ம வாத்து பிஞ்ச செருப்பாட்டம் இருக்கும்ல? அது கொஞ்சம் லட்சணமா இருந்துச்சு."

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே காலையிலிருந்து வராத அழுகையும் வந்தது. மகன் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அவ இடத்துல என் பேரைப் போடுங்கம்மா" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"போட்டுடலாம்" என்ற வக்கீல் மெக்கானிக்கிடம், "இதையே கோர்ட்டுல வந்து சொல்வீங்களா?" என்று கேட்டாள்.

"இதச் சொல்றதுக்கென்ன, சொல்றேன். மொதல்ல அம்மாவப் பாக்கணும். கைதான் ஒரே அழுக்கா இருக்கு. அப்படியே ஓடியாந்துட்டேன்."

"அவளுக்குப் பழக்கந்தான், வாங்க" என்று அந்தக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார் கணவர்.