உண்ணாமலையின் தலையில் எண்ணெய்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையில் ஓர் ஆய்வுக்கூட வாசலில், தலை சொட்டச் சொட்ட ஓர் அம்மா உள்ளே போவதைப் பார்த்தேன். அன்று மழையில்லை. மீதி எல்லாம் என் கைச்சரக்கு. பெயரும் நான் வைத்ததுதான்: உண்ணாமலை, அறுபத்து நான்கு வயது, கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பில் தனியாக இருப்பவர்.

2
முதல் தொடக்கம்: பஸ்ஸை விட்டு இறங்கியதும் உண்ணாமலைக்கு வழி மறந்து—

அடித்துவிட்டேன். ஞாபகம் லேசாகக் குறைகிறது என்று டாக்டர் சொன்னால் உடனே தெருவில் அலையவிட வேண்டுமா? சரியாகத்தான் இறங்கினார். மகன் ரகுநாத்திடம் பந்தயம் கட்டியிருந்தார்: ஞாபக ஆராய்ச்சிக்காரர்கள் மூளையின் மின் அலையைப் பதிவு செய்ய வேண்டும், தனியாகப் போய் அதை முடித்துத் தனியாகத் திரும்பினால் தோப்பில் இருக்கலாம். ஒன்று பிசகினாலும் கோயம்புத்தூர், மகன் வீடு.

3
பிசகியது. ஒயர் தொப்பியை மாட்டவந்த ஆய்வு மாணவி சத்யாவின் விரல் வழுக்கியது.

"தலைக்குக் குளிச்சிட்டு வரச் சொன்னோமேம்மா?"

"குளிச்சேனே. நல்லெண்ணெ வச்சு, சீயக்கா போட்டு. வெள்ளிக்கெழமையில்ல?"

பிசுக்கு இருந்தால் அலை பதியாது. அந்நேரம் பார்த்து ரகுநாத் போன். விஷயத்தைக் கேட்டதும், "பாத்தியா, சொன்னத மறந்துட்ட" என்றான்.

சத்யா போனை வாங்கினாள். "அவங்க மறக்கல சார். எண்ணெ வேணாம்னு நாங்கதான் சொல்லல."

(நிஜத்தில் ஒரு மாணவி இப்படித் தன் தவற்றை ஒப்புக்கொள்வாளா? எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் சொல்லவைத்தேன்.)

"இன்னொரு நாள் வாங்கம்மா."

"இன்னொரு நாளெல்லாம் கெடையாது. ஷாம்பு எங்கிட்டு விக்கிது? கொழா எங்கிட்டு இருக்கு?"

மூன்று பாக்கெட் ஷாம்பு. சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தார்.

4
திரையில் படங்கள் வந்தன. பிறகு அவையே புதுப் படங்களோடு கலந்து வந்தன. முன்பு காட்டியதென்றால் பட்டனை அழுத்த வேண்டும். சில தவறின. அது உண்ணாமலைக்கே தெரிந்தது. ஆனாலும் கடைசிப் படம்வரை எழுந்திருக்கவில்லை.

"எப்படிம்மா இருக்கு எனக்கு?"

"இது ஆராய்ச்சிம்மா. இத மட்டும் வச்சு ஒங்களுக்கு எதுவும் சொல்ல முடியாது. ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் பாப்போம்."

"வாரேன். எண்ணெ வைக்காம வாரேன்."

5
இப்போது தஞ்சாவூர் பஸ்ஸில், ஜன்னலோரம். தலை காய்ந்துவிட்டது. கந்தர்வக்கோட்டை நெருங்குகிறது. அவர் இறங்குவதாக ஒரு முடிவும், கண்ணயர்ந்து தஞ்சாவூர்வரை போய்விடுவதாக ஒரு முடிவும் எழுதிவைத்திருந்தேன். அவர் இறங்க வேண்டும், அதுதான் என் ஆசை. ஆனால் நான் இறக்கிவிட்டால் அது தனியாகத் திரும்பியதாகாது.

இரண்டையும் கிழித்துவிட்டேன். பாதிச் சொல்லானாலும் சரி, அவர் எழுமுன் பேனாவை எடுத்துவிடுவேன்; நீங்களும் கைகொடுக்க வேண்டாம். கண்டக்டர் விசில் ஊதுகிறார். உண்ணாமலையின் கை பையைத் தேடுகி