அளவான சப்பாத்து வரும்வரை

உமாசுதனின் இடது கண்ணில் கல் தெறித்தபோது அவன் கண்ணாடி போட்டுத்தான் இருந்தான். மோட்டார் சைக்கிளில் போகும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடி. மதுரங்குளிப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில், தோளில் மாட்டும் மெசினால் புல் வெட்டிக்கொண்டிருந்தான். மெசினின் பிளேட் பட்டுத் தெறித்த சல்லிக்கல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. ஆஸ்பத்திரியில் துண்டுகளை எடுத்தார்கள். பார்வை திரும்பவில்லை.

அதன்பிறகு மெசின் உடப்பு ஊரில் அவர்களுடைய வீட்டுக் கொட்டிலில் கிடந்தது. உமாசுதன் அந்தப் பக்கமே போவதில்லை. மாரி மழை விட்டு, தோட்டமெல்லாம் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்த நேரம், அவனுடைய மனைவி நிரூபா சொன்னாள்: “இனி நான் வெட்டப் போறேன்.”

“ஒரு கண்ணு போனது காணாதா உனக்கு?”

“காணும். அதனாலதான் சும்மா போகமாட்டேன். எல்லாம் வாங்கிப் போட்டுக்கிட்டுத்தான் போவேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெட்டிய புல்லை வாருவதற்கு அவனோடு பல வருடம் போய்வந்தவள். பெற்றோலுக்கு எண்ணெய் கலக்கவும், கயிற்றை இழுத்து மெசினை உயிர்ப்பிக்கவும் அவளுக்குத் தெரியும். அவன் எழுந்து வெளியே போனான்.

மதுரங்குளியில் லத்தீப்பின் இரும்புக்கடையில் இந்த வேலைக்கான சாமான்கள் இருந்தன. லத்தீப் பக்கத்து ஊரான கனமூலை ஆள். நிரூபா கேட்டதும் முதலில் ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

“இது வேணாம் நானா. தென்னை நிழலுக்குள்ள கல்லு தெரியாது. வெள்ளைக் கண்ணாடி காட்டுங்க. கல்லு பட்டாலும் உடையாதது.”

அவர் பெட்டிகளைத் திருப்பிப் படித்து, கண்ணின் பக்கங்களையும் மூடுகிற ஒன்றை எடுத்தார். அதோடு முகம் முழுவதையும் மறைக்கும் பிளாஸ்டிக் தகடு ஒன்றும் காட்டினார். நிரூபா அதை மாட்டிக்கொண்டு வாசல் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். மூச்சுப்பட்டுத் தகட்டில் பனிபோல் புகார் படிந்தது. கழற்றிவிட்டு, கம்பிவலை முகமூடி பொருத்திய ஹெல்மெட்டைக் கேட்டாள். அதில் காதுகளை மூடும் உறையும் இருந்தது.

“வலையால சின்னத் தூள் வருமே, தங்கச்சி,” என்றார் லத்தீப்.

“ஓம். அதுக்குத்தான் உள்ளுக்குக் கண்ணாடி.”

கையுறைகள் எல்லாம் பெரிதாக இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டு, கடையில் நின்ற மெசினின் விசையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். விரல் சரியாகப் பதிந்த ஒரு சோடியை எடுத்துக்கொண்டாள். முழங்காலிலிருந்து கீழே கட்டும் காப்பும் கிடைத்தது. சப்பாத்தில்தான் தடங்கல் வந்தது. விரல் பக்கம் இரும்பு வைத்த சப்பாத்து ஆம்பிளை அளவில் மட்டும்தான் இருந்தது.

“உள்ளுக்குத் துணி வெச்சா சரியா ஈக்கும்,” என்றார் அவர்.

நிரூபா அதைப் போட்டு நடந்து பார்த்தாள். குதிகால் எழும்பியது. “இதோட வழுக்கி விழுந்தா மெசினும் சேர்ந்துதான் என்மேல விழும். என் அளவுக்கு எடுத்துத் தாங்க. காத்திருக்கிறேன்.”

அவர் கொழும்புக்குச் சொல்லி எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

சப்பாத்து வருமுன் வேலை வந்துவிட்டது. முந்தல் பக்கத்துத் தோட்டத்துக்குப் பொறுப்பான மார்த்தா நிரூபாவுக்குப் போன் எடுத்தாள். தேங்காய் பறிக்க ஆள் வருவதால் நாளைக்கே புல் வெட்ட வேண்டுமாம்.

“சப்பாத்து வரல்ல, அக்கா.”

“செருப்போட வெட்டு. எல்லாரும் அப்படித்தானே வெட்டுறாங்க.”

“நான் வெட்டமாட்டேன். குறை நினைக்காதீங்க.”

மார்த்தா வேறொருவனுக்கு வேலையைக் கொடுத்துவிட்டாள். வந்த வேலையைத் தள்ளியது சரியா என்று நிரூபா சட்டி கழுவும்போதும் யோசித்தாள். உமாசுதன், “போயிட்டுதே,” என்றான்.

“போகட்டும்,” என்றாள் அவள்.

சப்பாத்து வந்ததும் போட்டுப் பார்த்தாள். அளவாகக் காலோடு ஒட்டி இருந்தது. மறுநாளே மார்த்தாவிடம் நேரில் போனாள். களப்புத் தண்ணீர்ப் பக்கத்துக் காணித் துண்டில் முள்ளும் சிரட்டையும் கிடப்பதால் ஒருவரும் கைவைக்காமல் விட்டிருந்தார்கள். அதைத் தரும்படி கேட்டாள். மார்த்தா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “செய்து காட்டு,” என்றாள்.

உமாசுதன் கேட்காமலே கூட வந்தான். ஆட்கள் நடக்கும் வழியில் கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டு, தூரத்தில் நின்றான். நிரூபா கீழேயிருந்து மேலாக எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டாள். தலைமயிரை ஹெல்மெட்டுக்குள் செருகினாள். மெசின் ஓடத் தொடங்கியது. காதுறைக்குள் அதன் சத்தம் பக்கத்து வீட்டுச் சத்தம்போல் கேட்டது.

இரண்டாவது தென்னை வரிசையில் முகத்துக்கு நேரே ‘டங்’ என்றது. அவள் மெசினை நிறுத்தினாள். கை தானாக முகத்துக்குப் போனது. அதைக் கண்ட உமாசுதன் தடுமாறி ஓடிவந்தான்.

“கண்ணு? கண்ணைக் காட்டு.”

முகமூடியை மேலே தூக்கி, கண்ணாடியையும் கழற்றினாள். இரண்டு கண்ணும் அவனைப் பார்த்தன.

“ஒண்ணுமில்ல. வலையிலதான் பட்டுது.”

அவன் ஹெல்மெட்டை வாங்கி, வலையில் குழி விழுந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தான்.

“கொஞ்சம் நில்லு. நான் முன்னுக்குப் போய்ச் சிரட்டை, கல்லு எல்லாம் பொறுக்கிப் போடுறேன். பிறகு வெட்டு.”

“அவசரப்படாதீங்க. நல்லாப் பார்த்துப் பொறுக்குங்க.”

அவன் தலையைச் சாய்த்து, பார்வையுள்ள கண்ணால் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு போனான். அவன் பொறுக்கி எறிந்தவை வேலியோரம் குவிந்தன. வரிசை முடிந்து அவன் கயிற்றுக்கு அப்பால் போய்ச் சேரும்வரை நிரூபா பொறுத்திருந்தாள். பிறகு கண்ணாடியைப் போட்டு, முகமூடியை இறக்கி, மெசினை உயிர்ப்பித்தாள்.

பொழுது சாயுமுன் அந்தத் துண்டு வெளித்துக் கிடந்தது. பார்க்க வந்த மார்த்தா, வடக்குத் துண்டையும் அவர்களே வெட்டலாம் என்றாள்.